உங்கள் வட்டத்தில் எவ்வளவு மழை?

வீட்டிலேயே மழைமானி செய்து தினமும் மழையை அளக்க முக்கியமாக வேண்டிய பொருள்கள் மூன்று: நாலு இன்ச் பி.வி.சி. பைப் துண்டு ஒன்று, ஐந்து லிட்டர் கேன் ஒன்று, நூறு பக்க நோட்டு ஒன்று. இவற்றை ஒரே மாலையில் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். நாலாவதாக ஒன்று வேண்டும், அது கடையில் கிடைக்காது: தினமும் காலை எட்டரை மணிக்கு ஐந்து நிமிடம். நெய்வேலியில் மழைக் கணக்கு எழுத ஆரம்பித்துப் பாதியில் விடுகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தில்தான் விடுகிறார்கள். அதனால் கருவியைப் பற்றிச் சொல்லும்போதே பழக்கத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நெய்வேலிக்கு எதற்குத் தனிக் கணக்கு?

"நேத்து ராத்திரி மழை எப்படி?" என்று மெயின் பஜாரில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கொட்டித் தீர்த்தது என்பார். நாலு வட்டம் (பிளாக்) தள்ளி இருப்பவர் மொட்டை மாடி கூட நனையவில்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆடி, ஆவணி மாத மாலைகளில் இடியோடு வரும் மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். நகரியத்தின் ஒரு முனையை நனைத்துவிட்டு மறுமுனையைத் தொடாமலே போய்விடும்.

இன்னொரு காரணம் பெரியது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 44 செ.மீ. கடலூர் மாவட்டத்துக்கு அது ஏறக்குறைய 70 செ.மீ. 2015 நவம்பர் 9, 10 தேதிகளை ஒட்டிய 24 மணி நேரத்தில் நெய்வேலியில் மட்டும் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாநிலத்துக்கு மூன்று மாதத்தில் கிடைக்க வேண்டிய மழை ஏறக்குறைய முழுதும், ஒரு ராத்திரி ஒரு பகலில் இங்கே இறங்கிவிட்டது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தையும் விசூரையும் வெள்ளம் வாரிக்கொண்டு போனதும் அந்த நாளில்தான். அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2016-ல் மாநிலத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைவு.

நெய்வேலியின் ஆண்டு மழையை ஒரு சில நாட்கள் தீர்மானித்துவிடுகின்றன என்பதே இதன் பொருள். முந்நூறு நாள் ஒழுங்காக அளந்துவிட்டு அந்தச் சில நாட்களில் ஒன்றைத் தவறவிட்டால், மாதக் கணக்கு மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கே பொய்யாகிவிடும். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா விதிகளும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன.

ஊரின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. நாம் இருப்பது கடற்கரைச் சமவெளிக்கு மேலே எழும்பிய செம்மண் மேடு. மேட்டில் விழுவது பரவனாற்றுக்கும் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் இறங்கிக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. நமக்கு இரண்டு மணி நேர மழை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வயலுக்கு அது மறுநாள் தண்ணீர். போதாததற்கு நடுவில் திறந்தவெளிச் சுரங்கங்கள். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே வெட்ட முடியும். அதற்கு மேல் மழைநீர் வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தாலே 10 லட்சம் லிட்டர். மில்லிமீட்டர் என்பது சின்னச் சொல், தண்ணீர் சின்னதல்ல.

மானி செய்வது

கடையில் விற்கும் மழைமானியையே வாங்கலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்தும் ஃபைபர் கண்ணாடி மானியின் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. அல்லது 100 சதுர செ.மீ. அதற்கென்றே கோடு போட்ட அளவுக் குவளையும் சேர்ந்து வரும். வீட்டில் செய்வதானால் கீழே உள்ளபடி செய்யுங்கள். ஒழுங்காகச் செய்தால் வீட்டு மானியும் மாதக் கணக்குக்குப் போதும்.

1. நாலு இன்ச் பி.வி.சி. பைப்பில் ஓரடி நீளத் துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். வெட்டிய வாய் நேராக இருக்க வேண்டும். வெளி விளிம்பை அரத்தால் சரிவாக ராவிக் கூர்மையாக்குங்கள். தடித்த விளிம்பில் பட்ட துளி பாதி உள்ளே, பாதி வெளியே தெறிக்கும்.

2. பைப்பின் கீழ் முனையில் ஒரு பிளாஸ்டிக் புனலைப் பொருத்தி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். மேல் விளிம்புக்கும் புனலுக்கும் இடையே குறைந்தது 15 செ.மீ. ஆழம் இருக்கட்டும். பெருமழையில் துளி தெறித்து வெளியேறாமல் இருக்க இதுதான் வழி.

3. புனலின் மூக்கை ஐந்து லிட்டர் கேனின் வாய்க்குள் இறக்குங்கள். சமையல் எண்ணெய் வந்த கேன் போதும். சோப்புப் போட்டுப் பிசுக்கு போகக் கழுவிவிடுங்கள். கேன் வாய் குறுகலாக இருந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாவது குறையும்.

4. கேனை ஒரு பக்கெட்டுக்குள் வைத்து, சுற்றிலும் செங்கல் துண்டுகளை அடுக்கி அசையாமல் நிறுத்துங்கள். வெளிப்பக்கம் முழுவதும் வெள்ளை பெயின்ட் அடித்தால் சூடு ஏறாது.

5. பைப் வாயின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வாய் சாய்ந்திருந்தால் கணக்கும் சாய்ந்துவிடும்.

இனி ஒரு கணக்கு, ஒரே ஒரு முறை போட வேண்டியது. பைப்பின் உள்விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். நாலு இன்ச் என்று விற்றாலும் பைப்பின் கனத்துக்கு ஏற்ப உள்விட்டம் மாறும். 10.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 5.2. அதை அதாலேயே பெருக்கினால் 27.04. அதை 3.14-ஆல் பெருக்கினால் 84.9 சதுர செ.மீ. இதைப் பத்தால் வகுத்தால் 8.5. உங்கள் மானியில் 8.5 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை என்று அர்த்தம். இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், அழியாத மையால் பக்கெட்டின் மேலும் எழுதிவிடுங்கள்.

ஐந்து லிட்டர் கேன் எதற்கு என்று இப்போது தெரியும். ஒரு லிட்டர் பாட்டில் இந்த மானியில் 117 மி.மீ.யில் நிரம்பிவிடும். இரண்டு லிட்டர் பாட்டில் 235 மி.மீ. தாங்கும். 2015 நவம்பர் போன்ற நாளில் 400 மி.மீ.க்கு மேல் வந்தால் இரண்டுமே வழிந்து, எவ்வளவு வழிந்தது என்றே தெரியாமல் போகும். ஐந்து லிட்டர் கேன் 588 மி.மீ. வரை தாங்கும். சாதாரண நாளில் கேனின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து, இவ்வளவு பெரிய கேன் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். எதற்கு என்று அந்த ஒரு நாள் சொல்லும்.

எங்கே வைப்பது?

நகரியத்தில் இதுதான் கஷ்டமான கேள்வி. குவார்ட்டர்ஸைச் சுற்றி மா, பலா, முருங்கை, வேம்பு. சாலை ஓரமெல்லாம் நிழல். வெயில் காலத்தில் வரம், மழைமானிக்கு இடைஞ்சல். விதி சுருக்கமானது: பக்கத்தில் இருக்கும் எதுவும் மானியிலிருந்து அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். நாலு மீட்டர் உயர வீடு என்றால் எட்டு மீட்டர். ஆறு மீட்டர் மாமரம் என்றால் பன்னிரண்டு மீட்டர். மின்கம்பி, கேபிள் ஒயர், துணிக்கொடி எதுவும் நேர் மேலே போகக் கூடாது. மழை விட்ட பிறகும் அவை சொட்டிக்கொண்டே இருக்கும்.

நான் முதலில் வைத்தது கிணற்றடி முருங்கைக்குப் பக்கத்தில். முருங்கை இலை பொடிசுதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். தூறல் நாட்களில் மானி காய்ந்து கிடந்தது. பெரிய மழை நாட்களில் கிளையிலிருந்து வழிந்ததும் சேர்ந்து கூடுதலாகக் காட்டியது. பொடிசுகூட இரண்டு பக்கமும் பிழை செய்யும் என்று அப்போதுதான் புரிந்தது.

மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேறு வழியில்லாவிட்டால் வைக்கலாம். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும், துளிகளை வாய்க்கு மேலேயே தள்ளிக்கொண்டு போகும், மானி குறைத்துக் காட்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் இன்னும் மோசம். வானிலைத் துறை மானியின் விளிம்பைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைக்கிறது. நம்முடையதில் கேன் அடியில் இருப்பதால் இரண்டடி வரை வரும், பரவாயில்லை. எந்த உயரமோ அதை எழுதிவைத்து, பிறகு மாற்றாதீர்கள். வீட்டில் திறந்த இடமே இல்லை என்றால் பக்கத்துப் பள்ளியின் மைதானத்தில் ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள். அங்கே வைத்தால் மாணவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

நெய்வேலிக்கே உரிய தொந்தரவு ஒன்று உண்டு: தூசி. அனல்மின் நிலையச் சாம்பலும் சுரங்கப் புழுதியும் மழையில்லாத வாரங்களில் புனலில் படிந்து, முதல் மழையில் சேறாகி மூக்கை அடைத்துவிடும். புனலின் மூக்கில் ஒரு சின்ன வலைத் துண்டு வையுங்கள், வாரம் ஒருமுறை துடையுங்கள். காகம் விளிம்பில் உட்கார்ந்து குச்சியும் எலும்பும் போடும் இடமானால், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கம்பியை நட்டு மினுமினுப்பான ரிப்பனைக் கட்டிவிடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் மானிப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

எட்டரை மணி

இந்தியா முழுவதும் மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அளக்கும் தேதியில்தான் எழுத வேண்டும். நவம்பர் 9 பகலிலும் இரவிலும் பெய்ததை நவம்பர் 10 காலை அளக்கிறீர்கள். அது நவம்பர் 10-ன் மழை. "நேற்றுதானே பெய்தது" என்று நேற்றைய வரிசையில் எழுதினால், மாவட்ட நிர்வாகம் வெளியிடும் பட்டியலோடு உங்கள் நோட்டு ஒருநாளும் பொருந்தாது.

அளக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். எட்டரைக்குப் பக்கெட்டருகே போகிறீர்கள். பைப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேனை எடுக்கிறீர்கள். கையில் 100 மில்லி அளவுக் குவளை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். அதைச் சமதரையில் வைத்து ஊற்றி, கீழே குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு தவறும். தண்ணீரின் மேற்பரப்பு ஓரங்களில் ஏறி நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். 61 மில்லி. அதை 8.5-ஆல் வகுத்தால் 7.2 மி.மீ. முதலில் மில்லியை எழுதுங்கள், பிறகு மி.மீ.யை. வகுத்தலில் தப்பு வந்தாலும் மூல எண் கையில் இருக்கும்.

பெருமழை நாளில் குவளையை முப்பது நாற்பது முறை நிரப்ப வேண்டியிருக்கும். எத்தனையாவது குவளை என்பதில் எல்லோருக்கும் ஒருமுறையாவது குழப்பம் வரும். அதனால் ஒவ்வொரு குவளையையும் அளந்ததும் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, தண்ணீரை இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். கணக்கு எழுதி முடிக்கும் வரை ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது. சந்தேகம் வந்தால் வாளியிலிருந்து மறுபடி அளக்கலாம். எழுதி முடித்ததும் கேன், வாளி இரண்டையும் காலி செய்யுங்கள். தேங்கிய நல்ல தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

எழுதும்போது நாலு விஷயம் கவனியுங்கள்.

மழையில்லாத நாளில் 0.0 என்று எழுதுங்கள். வெற்றிடம் விடாதீர்கள். வெற்றிடம் என்றால் மழை இல்லையா, நீங்கள் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

தரை நனைந்தது, கேனில் அளக்கும்படி எதுவும் இல்லை என்றால் "தூறல்" என்று எழுதுங்கள். கூட்டலில் அது சேராது, ஆனால் நாள் பதிவாகும்.

அளக்க முடியாத நாளில் கோடு போடுங்கள். மறுநாள் அளந்தால் "2 நாள் மொத்தம்" என்று குறியுங்கள். வந்த அளவை இரண்டாக வகுத்து நாளுக்குப் பாதி கொடுக்காதீர்கள். மழை அப்படிப் பங்கு போட்டுப் பெய்வதில்லை.

எட்டரைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தாலும் அப்போதே அளந்து கேனைத் திருப்பி வையுங்கள். நின்ற பிறகு அளக்கலாம் என்று காத்திருந்தால் இரண்டு நாள் மழை ஒன்றாகிவிடும்.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டில் எட்டரை மணி தினமும் ஒருவருக்கே சாத்தியப்படாது. இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் ஒரு வாரம், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மாறினால் பரவாயில்லை, அளவுக் குவளை மாறக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை தீபாவளி. நகரியத்தில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு. வருடத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாலைந்து நாள் ஊருக்குப் போவது அக்டோபர், நவம்பரில், அதாவது மழையின் உச்சத்தில். கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியோடு குவளையையும் நோட்டையும் கொடுத்துவிட்டுப் போங்கள். முந்தின வாரம் ஒருநாள் அவரையே அளக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில்

மாதம் முடிந்ததும் நாலு எண்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்: மாத மொத்தம், மழை நாட்கள், அதிகபட்ச ஒருநாள் மழை, அதன் தேதி. மழை நாள் என்றால் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாள். அதற்குக் குறைவானவை மொத்தத்தில் சேரும், மழை நாட்களில் சேராது. கூடவே 64.5 மி.மீ.யை எட்டிய நாட்களையும் எண்ணுங்கள். வானிலைத் துறைக் கணக்கில் 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை.

மொத்தம் மட்டும் ஏன் போதாது? கணக்குப் பழக இரண்டு கற்பனை நவம்பர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் மொத்தம் 312.4 மி.மீ., மழை நாட்கள் 11, ஒரே நாளில் 128. இரண்டாவதில் மொத்தம் 309 மி.மீ., மழை நாட்கள் 17, அதிகபட்சம் 41. மொத்தத்தைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் நவம்பரில் நூற்றுக்கு 41 பங்கு மழை ஒரே நாளில் வந்தது. அன்று சாக்கடை நிரம்பிச் சாலையில் ஓடியது, செம்மண்ணை அரித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனது. இரண்டாவது நவம்பர் சோனையாகப் பெய்து மண்ணில் இறங்கியது. பலாவும் முந்திரியும் எந்த நவம்பரை விரும்பும் என்று பண்ருட்டிப் பக்கத்து விவசாயியைக் கேட்க வேண்டியதில்லை. மாத மொத்தத்துக்குப் பக்கத்தில் அதிகபட்ச நாளையும் எழுதும்போதுதான் அந்த மாதத்தின் முகம் தெரியும்.

குறிப்புக்கென ஒரு பத்தியையும் ஒதுக்குங்கள். இடி, மழை எந்த நேரம், காற்றின் வேகம் எல்லாம் அதில் வரட்டும். காற்று முக்கியம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது போன்ற நாளில் துளிகள் கிடையாகப் பாயும். எந்த மானியும் அன்று உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். "பலத்த காற்று" என்ற இரண்டு சொல் அந்த எண்ணைப் பிறகு சரியாகப் படிக்க உதவும்.

ஆங்கிலத் தேதியில் நாள்வாரியாக எழுதியிருப்பதில் ஒரு லாபம் உண்டு. ஐப்பசி அடைமழை என்று பாட்டி சொல்வது அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும் மாதம். நாள் கணக்கு கையில் இருந்தால் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்கலாம். மாத மொத்தம் மட்டும் வைத்திருப்பவரால் அது முடியாது.

எதோடு ஒப்பிடுவது?

ஒரு வருடம் எழுதியதும் "இந்த வருஷம் மழை கம்மி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். பொறுங்கள். மழைக்கு வானிலைத் துறையினர் சராசரி என்று சொல்வது 50 ஆண்டுகளின் சராசரி. இப்போது புழங்குவது 1971 முதல் 2020 வரையிலானது. உங்கள் மூன்று வருட நோட்டில் 2015, 2016 போன்ற இரண்டு ஆண்டுகள் சிக்கினால் அதன் சராசரிக்கு எந்த அர்த்தமும் இருக்காது. அதுவரை மாவட்டத்தின் சராசரியைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சராசரியிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு என்றே கணக்கு. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை, 60-ஐ எட்டினால் கடும் பற்றாக்குறை. கூடுதலுக்கும் இதே எல்லைகள். இந்தச் சதவீதக் கணக்கை அக்டோபர், நவம்பர், டிசம்பருக்குப் போடுங்கள், கோடையில் போடாதீர்கள். சராசரி 10 மி.மீ. உள்ள ஒரு மாதத்தில் 20 மி.மீ. பெய்தால் சதவீதத்தில் நூறு கூடுதல். ஆனால் வீட்டுக் கிணற்றில் அது ஓர் அங்குலம்கூட ஏறாது.

மாவட்ட நிர்வாகம் தினமும் வெளியிடும் பட்டியலில் வடக்குத்து, குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு போன்ற இடங்களின் அளவுகள் இருக்கும். உங்கள் எண்ணை அவற்றுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆவணி மாத இடி மழையில் பெரிய வித்தியாசம் இருந்தால் இயல்பு. காற்றழுத்தத் தாழ்வு வந்து மாவட்டம் முழுவதும் இரண்டு நாள் பெய்யும்போதும், ஒவ்வொரு முறையும் நீங்களே எல்லோரையும்விடக் குறைவு என்றால், மேகத்தைக் குறை சொல்லாதீர்கள். மானிக்குப் பக்கத்தில் எந்தக் கிளை வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மில்லிமீட்டரிலிருந்து லிட்டருக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் நோட்டு வீட்டுக்கு உபயோகப்பட ஆரம்பித்துவிடும். 600 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். பருவத்தில் 700 மி.மீ. பெய்தால் சுமார் 39,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும் போக நூற்றுக்கு 80 பங்கு கிடைத்தாலும் 31,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் பதித்தோம். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. உங்கள் மாத மொத்தத்தை மாடிப் பரப்பால் பெருக்கிப் பாருங்கள். தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நிலம் உள்ளவர்களுக்கு: ஒரு சென்ட்டில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 405 லிட்டர், ஏக்கருக்கு 40,000 லிட்டருக்குச் சற்று மேல்.

சேர்ந்து அளந்தால்

மழையை ஒரே மாதிரிப் பாத்திரத்தில் ஊர் ஊராக அளப்பது புதிய யோசனை அல்ல. கொரியாவில் 1440-களிலேயே ஒரே அளவிலான மழைமானிகளை ஊர்களுக்கு அனுப்பினார்கள். நம் காலத்தில் இந்த யோசனைக்கு உயிர் கொடுத்தது ஒரு வெள்ளம். 1997 ஜூலை 28-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரின் ஒரு பக்கம் ஓரடிக்கு மேல் மழை கொட்டியது. அதே நகரின் மறுபக்கத்தில் சில அங்குலம்தான். எந்தத் தெருவில் எவ்வளவு பெய்தது என்று சொல்ல நகரில் போதிய மானிகள் இல்லை. அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளர்கள் வீட்டுக்காரர்களைச் சேர்த்துத் தொடங்கிய மழை அளப்போர் வலை, இன்று அந்த நாடு முழுவதும் பரவியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து வயநாட்டில், கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் மையம் மலைத் தோட்டங்களிலும் வீடுகளிலும் 200-க்கு மேற்பட்ட இடங்களில் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் சூரல்மலை, முண்டக்கை பகுதியில் நிலச்சரிவு வருமுன்பே, புத்துமலை மானியில் ஏறிக்கொண்டிருந்த அளவைப் பார்த்து அவர்கள் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். மலைச் சமூகத்துக்கு மழைக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. நம் மேடு சரிந்து விழும் மலை அல்ல. ஆனால் இங்கிருந்து இறங்கும் தண்ணீர் கீழே உள்ளவர்களுக்கு என்ன செய்யும் என்பதை 2015 காட்டியது.

நகரியத்தில் இதைச் செய்வது மிகவும் சுலபம், ஏனென்றால் ஊரே வட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு வட்டத்துக்கு ஒரு மானி என்றாலே நகரிய மழையின் வரைபடம் கிடைத்துவிடும். எல்லோரும் ஒரே மாதிரி பைப், ஒரே நேரம், ஒரே படிவம். மாதம் பிறந்ததும் முதல் ஞாயிறு மாலை ஒருவர் வீட்டில் கூடி எண்களைச் சேருங்கள். இந்திரா நகரையும் மந்தாரக்குப்பத்தையும் சேர்த்துக்கொண்டால் சுரங்கத்தின் இரு பக்கமும் தெரியும். மூன்று மணி நேரத்தில் கேன் கால்வாசி ஏறிவிட்டால் எட்டரைக்குக் காத்திராமல் குழுவில் சொல்லுங்கள். வெள்ளம் வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்வது மட்டும் நம் வேலை இல்லை. அதைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் விட்டுவிடுங்கள். நம் வேலை சரியான எண்ணைக் கொடுப்பது.

பருவமழைக் கணக்கு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. மானியை ஆவணியிலேயே நட்டு, ஒரு மாதம் பழகிவிடுங்கள். அக்டோபர் 1 காலை எட்டரைக்குக் கேனில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அன்றும் குனிந்து பார்த்து, 0.0 என்று எழுதுங்கள்.